ஜார்ஜ் வித்: ஜெஃபர்சனின் ஆசான், வர்ஜீனியாவின் நீதிபதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜார்ஜ் வித்?

வர்ஜீனியாவில் 1726-இல் பிறந்து 1806-இல் இறந்தவர். வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர், சபாநாயகர், சட்டப் பேராசிரியர், கடைசி இருபத்தெட்டு ஆண்டுகள் நீதிபதி. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் ஒருவர். தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான்.

வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன் என்று அந்தக் காலத்து வர்ஜீனியாக்காரர்கள் பலரை நமக்குத் தெரியும். வித்தைத் தெரியாது. நான் அவரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அவருடைய மரணத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு. சொந்த வீட்டில், காலை உணவு வேளையில், அவருக்கு நஞ்சு வைக்கப்பட்டது. அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர் உயிரோடு இருந்தும் நீதிமன்றத்தில் அவரால் வாய் திறக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று தேடிப்போனால், வழி வித்தின் சொந்த வாழ்க்கைக்குள்ளேயே போகிறது. அதனால்தான் கீழே அந்தப் பகுதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் 'வைத்' என்று படிக்கத் தோன்றும். 'வித்' என்பதே சரி.

எங்கே, எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தார்?

இன்றைய ஹாம்ப்டன் நகரப் பகுதியில், பேக் ஆற்றங்கரையில் இருந்த செஸ்டர்வில் என்ற தோட்டத்தில். அந்த நிலம் இப்போது நாசாவின் லாங்லி ஆய்வு மைய வளாகத்துக்குள் இருக்கிறது. அடிமைகளை வைத்துப் பயிர் செய்த நிலக்கிழார் குடும்பம். தந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டார். மூத்த மகனுக்கே நிலம் என்பது அன்றைய வழக்கம், இவர் இளையவர். ஆகவே கையில் ஒரு தொழில் வேண்டியிருந்தது.

தாய் மார்கரெட் நன்றாகப் படித்தவர். மகனுக்கு லத்தீனும் கிரேக்கமும் முதலில் அறிமுகமானது அவர் வழியாகத்தான். மார்கரெட்டின் தாத்தா ஜார்ஜ் கீத், 1690-களிலேயே அடிமைமுறையைக் கண்டித்து எழுதிய குவேக்கர் (ஒரு கிறித்தவப் பிரிவினர்). அந்தக் குரல் கொள்ளுப்பேரனை எட்டியதா, எப்போது எட்டியது என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது.

வழக்கறிஞர் ஆனது எப்படி?

அப்போது அமெரிக்காவில் சட்டக் கல்லூரி கிடையாது. ஒரு வக்கீலிடம் சேர்ந்து, ஆவணங்களைப் படியெடுத்து, புத்தகங்களைப் புரட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். வித் தன் உறவினர் ஸ்டீஃபன் டூயியிடம் போய்ச் சேர்ந்தார். அவர் வேலை வாங்கினாரே தவிர அதிகம் சொல்லிக்கொடுக்கவில்லை. இருந்தும் 1746-இல் வழக்காட அனுமதி கிடைத்துவிட்டது.

அடுத்த ஆண்டு ஆன் லூயிஸைத் திருமணம் செய்துகொண்டார். எட்டே மாதத்தில் அவர் இறந்துபோனார். வித் தலைநகர் வில்லியம்ஸ்பர்க்குக்கு வந்து, பர்ஜஸ் சபை என்றழைக்கப்பட்ட குடியேற்றச் சட்டமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1754-இல் அதே சபையில் உறுப்பினர். பிறகு எலிசபெத் டாலியஃபெரோவை மணந்தார். ஆளுநரின் அரண்மனைப் புல்வெளியை ஒட்டி அவர்கள் வாழ்ந்த செங்கல் வீடு இன்றும் நிற்கிறது. 1781-இல் யார்க்டவுன் முற்றுகைக்கு முன் வாஷிங்டன் தங்கித் திட்டம் வகுத்தது அந்த வீட்டில்தான்.

ஜெஃபர்சனுக்கும் அவருக்கும் என்ன உறவு?

1762-இல் பத்தொன்பது வயது ஜெஃபர்சன் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்தார். ஐந்து வருடம் இருந்தார். தனக்குக் கிடைக்காத பயிற்சியை வித் இந்தப் பையனுக்குக் கொடுத்தார். வழக்குக் கட்டுகளைப் படியெடுப்பதோடு விடாமல், சட்டநூல்களையும் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களையும் சேர்த்தே படிக்கவைத்தார். ஆளுநர் ஃபாக்கியரின் மேசையில் பேராசிரியர் வில்லியம் ஸ்மால், வித், ஜெஃபர்சன் என நான்கு பேரும் உட்கார்ந்து பேசிய இரவு உணவுகளைத் தன் வாழ்வின் பெரிய படிப்பாக ஜெஃபர்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

வித்துக்குப் பெரியவர்களான பிள்ளைகள் இல்லை. ஜெஃபர்சன் தந்தையைப் பதினான்கு வயதில் இழந்தவர். இளமையில் தன் ஆசான், வாழ்நாள் முழுக்க அன்பான நண்பர் என்று முதுமையில் அவரைப் பற்றி எழுதினார். அது வெறும் மரியாதைச் சொல் என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வருடத்துக்கும் மேல் நீடித்த உறவு அது.

சுதந்திரப் போராட்டத்தில் அவர் பங்கு என்ன?

1764-இல் முத்திரைத்தாள் வரி பற்றிய பேச்சு லண்டனில் எழுந்தபோது, பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு வர்ஜீனியா அனுப்பிய ஆட்சேபனை மனுவை வரைந்தவர் வித். அவர் எழுதிய வரைவு மிகக் காரமாக இருக்கிறது என்று சக உறுப்பினர்கள் தணித்துத்தான் அனுப்பினார்கள்.

1775-இல், பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கக் குடியேற்றங்களின் கூட்டு அவையான கண்டக் காங்கிரசுக்குப் போனார். 1776 ஜூனில் வர்ஜீனியாவின் புதிய அரசியலமைப்பு வேலைக்காக ஊர் திரும்பிவிட்டதால், ஜூலை 4 அன்று அவர் ஃபிலடெல்ஃபியாவில் இல்லை. மற்றவர்களுக்குப் பிறகே கையெழுத்திட்டார். ஆனாலும் பிரகடனத்தில் வர்ஜீனியப் பெயர்களின் வரிசையைப் பாருங்கள்: மேலே முதலில் இருப்பது அவர் பெயர், அதற்குக் கீழேதான் ரிச்சர்ட் ஹென்றி லீ, ஜெஃபர்சன் எல்லோரும்.

வர்ஜீனியாவின் அரசு முத்திரையை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். வீழ்ந்த கொடுங்கோலன் மேல் கால் வைத்து நிற்கும் அறத்தின் உருவம், 'கொடுங்கோலருக்கு எப்போதும் இப்படியே' என்ற லத்தீன் வரி, இரண்டும் அந்தக் குழுவின் வேலை. இன்றும் மாநிலக் கொடியில் அதுவே இருக்கிறது.

சட்டத் தொகுப்புக் குழு என்று சொல்கிறார்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், பின்னால் தேவைப்படும்.

மன்னராட்சி போனதும் வர்ஜீனியாவின் பழைய சட்டங்களையெல்லாம் திருத்தி எழுத 1776-இல் ஐந்து பேரை நியமித்தார்கள். மேசன், தாமஸ் லீ இருவரும் பாதியில் நின்றுவிட, ஜெஃபர்சன், எட்மண்ட் பெண்டில்டன், வித் மூவரும் முடித்தார்கள். 1779-இல் 126 மசோதாக்கள் கொண்ட அறிக்கை சட்டமன்றத்துக்குப் போனது. மதச் சுதந்திரத்துக்கான புகழ்பெற்ற மசோதா அதில் ஒன்று.

அதே தொகுப்பில் அடிமைகள் பற்றிய மசோதாவும் இருந்தது. கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் தங்கள் இனத்தவர் மீதான வழக்குகளில் மட்டுமே சாட்சி சொல்லலாம் என்ற விதி அதில் வந்தது. வெள்ளையர் மீதான வழக்கில் அவர்கள் சாட்சியம் செல்லாது. வர்ஜீனியாவுக்கு இது புதிய விதி அல்ல, குடியேற்றக் காலத்துப் பழைய தடைதான். ஆனால் குடியரசின் சட்டமாக அதை மறுபடி எழுதி நீட்டிய அறிக்கையில் வித்தின் பெயரும் இருக்கிறது. 1785-இல் அது நிறைவேறியது.

அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியர் இவர்தானா?

ஆமாம். 1779 டிசம்பரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் இந்த இருக்கையை உருவாக்கினார்கள். அப்போது ஆளுநராக இருந்த ஜெஃபர்சன் கல்லூரியின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். தன் ஆசானையே அதில் உட்காரவைத்தார். ஆங்கிலம் பேசும் உலகில் இதற்கு முன்னோடி ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் வகித்த இருக்கைதான்.

அவர் பாடம் நடத்திய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். விரிவுரையோடு நிறுத்தாமல், மாணவர்களைக் கூட்டி மாதிரி நீதிமன்றம் நடத்தினார். அவர்கள் வழக்காடுவார்கள், இவர் நீதிபதியாக உட்கார்ந்து கேட்பார். மாதிரிச் சட்டமன்றமும் உண்டு. அதில் மாணவர்கள் மசோதா கொண்டுவந்து விவாதிப்பார்கள், இவர் சபாநாயகர். சட்டமன்றத்தில் எழுத்தர், உறுப்பினர், சபாநாயகர் என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தவர் என்பதால் நடைமுறை முழுக்க அவருக்கு அத்துப்படி.

1780-இல் ஒரு ராணுவ அதிகாரி சில மாதம் வந்து அந்த விரிவுரைகளைக் கேட்டார். பெயர் ஜான் மார்ஷல். பின்னாளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவர் பெற்ற முறையான சட்டப் படிப்பு இவ்வளவுதான்.

வர்ஜீனியாவின் புதிய தலைநகரான ரிச்மண்டுக்குக் குடிபோன பிறகு ஹென்றி கிளே என்ற பதின்ம வயதுப் பையன் எழுத்தராக வந்து சேர்ந்தான். வித்துக்கு வலது கையில் வாத நோய், எழுத முடியாது. அவர் சொல்லச் சொல்லக் கிளே தீர்ப்புகளை எழுதினான். நடுநடுவே கிரேக்க மேற்கோள்கள் வரும். கிளேவுக்குக் கிரேக்கம் தெரியாது, எழுத்துகளைப் படம் வரைவதுபோல் பார்த்து வரைந்து வைப்பான். அந்தப் பையன் பிற்காலத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஆனான்.

எந்த நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார்?

சான்சரி நீதிமன்றத்தில். உயில், அறக்கட்டளை, கடன், கூட்டுச் சொத்து போன்ற விவகாரங்களில், எழுதிய சட்டத்தை அப்படியே போட்டால் அநியாயம் ஆகிவிடும் என்ற இடத்தில், மனச்சாட்சிப்படி நீதி வழங்க ஏற்பட்ட மன்றம் அது. ஜூரி கிடையாது, நீதிபதியே எல்லாம். 1778-இல் மூவரில் ஒருவராக நியமிக்கப்பட்டார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மாநிலம் முழுமைக்கும் ஒரே சான்சரி நீதிபதி ஆனார். மக்கள் அவரை 'சான்சலர் வித்' என்றே அழைத்தார்கள்.

அவருடைய தீர்ப்புகளை மேல்முறையீட்டில் அடிக்கடி மாற்றியது பழைய சகா பெண்டில்டன் தலைமையிலான நீதிமன்றம். 1795-இல் வித் தன் தீர்ப்புகளைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். மேல் நீதிமன்றம் மாற்றியது ஏன் தவறு என்ற விளக்கத்தையும் கூடவே சேர்த்தார். பிடிவாதம் என்று சொல்லலாம். நான் அதை நேர்மையின் பிடிவாதம் என்பேன். 1793-இல் பேஜ் எதிர் பெண்டில்டன் வழக்கில், பிரிட்டிஷ் வியாபாரிகளுக்குக் கொடுக்கவேண்டிய கடனை மதிப்பிழந்த காகிதப் பணமாக மாநிலக் கருவூலத்தில் கட்டித் தீர்த்துவிட முடியாது என்றார். வர்ஜீனியாவின் தோட்ட முதலாளிகள் பாதிப்பேர் கடனாளிகள். அந்தத் தீர்ப்பு அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டமன்றத்தையே எதிர்த்து நின்றார் என்கிறார்களே?

1782-இல் வந்த கேட்டன் வழக்கு அது. தேசத்துரோகக் குற்றத்துக்காக மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டிருந்தது. சட்டமன்றத்தின் கீழவை மன்னிப்பு வழங்கியது, மேலவை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு அவை மட்டும் தந்த மன்னிப்பு செல்லுமா?

செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வித் இன்னும் ஒரு படி போனார். மக்கள் வகுத்த எல்லையைச் சட்டமன்றம் முழுவதுமே தாண்ட முயன்றாலும், இந்த இருக்கையில் உட்கார்ந்தபடி நான் அவர்களை எதிர்கொள்வேன், அரசியலமைப்பைச் சுட்டிக்காட்டி 'உங்கள் அதிகாரத்தின் எல்லை இது. இதுவரை வரலாம், இதற்கு மேல் கூடாது' என்று சொல்வேன் என்றார். அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்கலாம் என்ற மார்பரி எதிர் மேடிசன் தீர்ப்பை மார்ஷல் உச்ச நீதிமன்றத்தில் எழுதியது 1803-இல், அதாவது இருபத்தோரு ஆண்டுகள் கழித்து.

அமெரிக்க அரசியலமைப்பில் ஏன் அவர் கையெழுத்து இல்லை?

1787 மே மாதம் ஃபிலடெல்ஃபியா மாநாட்டுக்குப் போனார், விதிமுறைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஜூன் தொடக்கத்தில் மனைவி எலிசபெத்தின் நோய் முற்றிய செய்தி வந்தது, கிளம்பிவிட்டார். ஆகஸ்டில் எலிசபெத் இறந்தார். வித் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஆண்டு வர்ஜீனிய மாநாட்டில் அரசியலமைப்பை ஏற்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. 89-க்கு 79 என்ற கணக்கில் நிறைவேறியது.

அவர் அடிமைகள் வைத்திருந்தாரா?

வைத்திருந்தார், வாழ்வின் பெரும்பகுதி முழுக்க. மனைவி இறந்த பிறகு சிலரை விடுவித்தார். வேறு பலரை மனைவியின் உறவினர்களிடம் ஒப்படைத்தார், அவர்கள் அடிமைகளாகவே தொடர்ந்தார்கள். விடுவித்தவர்களைப் பற்றி மட்டும் பேசி மற்றவர்களை மறப்பது சரியல்ல.

1787-இல் விடுதலை பெற்றவர்களில் லிடியா பிராட்நாக்ஸ் ஒருவர். வித்தின் வீட்டில் சமையல் பொறுப்பு அவருடையது. சுதந்திரம் பெற்ற பிறகும் கூலிக்கு வேலை செய்தார், ரிச்மண்டுக்கும் கூடவே வந்தார். மைக்கேல் பிரவுன் என்ற சுதந்திரமான கலப்பினச் சிறுவனும் அந்த வீட்டில் வளர்ந்தான். வித் அவனுக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்றுக்கொடுத்தார்.

மைக்கேல் பிரவுன் அவருடைய மகன் என்ற பேச்சு உண்மையா?

ஆதாரம் இல்லை. லிடியா அவன் தாய் என்பதற்கும் ஆதாரம் இல்லை; வயதுக் கணக்கும் இடிக்கிறது. ஒரு முதியவர் ஒரு கறுப்பினப் பையனுக்குக் கிரேக்கம் சொல்லித்தர ரத்த உறவு இருந்தே ஆகவேண்டும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

ரைட் குடும்பத்தின் வழக்கு என்ன?

ஜாக்கி ரைட் என்ற பெண்ணும் அவர் குடும்பமும் தங்களை அடிமையாக வைத்திருந்த ஹட்ஜின்ஸ் மீது தொடுத்த வழக்கு. எங்கள் முன்னோர் சுதந்திரமான செவ்விந்தியப் பெண், ஆகவே நாங்களும் சுதந்திரமானவர்கள் என்றார்கள். ஹட்ஜின்ஸ் அவர்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோக இருந்தார். வழக்கு 1806-இல் வித் முன் வந்தது.

அவர்கள் சுதந்திரமானவர்கள் என்றார் வித். செவ்விந்திய வம்சம் என்ற ஒரு காரணமே போதுமாயிருந்தது, ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. மனிதர் அனைவரும் இயல்பிலேயே சுதந்திரமானவர்கள் என்று வர்ஜீனிய உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு சொல்கிறது. ஆகவே சுதந்திரம் ஒவ்வொரு மனிதரின் பிறப்புரிமை. ஒருவரை அடிமை என்று சொல்பவரே அதை நிரூபிக்கவேண்டும் என்றார். அன்றைய வர்ஜீனியாவில் இந்த வாதம் நின்றிருந்தால், அடிமைமுறையின் சட்ட அடித்தளமே கேள்விக்குள்ளாகியிருக்கும்.

நிற்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரைட் குடும்பத்தின் விடுதலையை உறுதிசெய்தது, காரணத்தை மட்டும் மாற்றியது. வெள்ளையராகவோ செவ்விந்தியராகவோ தோன்றினால் சுதந்திரமானவர் என்று கொள்ளவேண்டும்; கறுப்பினத்தவர் என்றால் அடிமை என்று கொள்ளவேண்டும், இல்லையென்று அவர்தான் நிரூபிக்கவேண்டும். உரிமைப் பிரகடனம் சுதந்திரக் குடிமக்களைப் பற்றியது மட்டுமே என்று எழுதியவர் செயின்ட் ஜார்ஜ் டக்கர். வித்திடம் படித்தவர், கல்லூரியில் அவர் இருக்கைக்கு வந்தவர், அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்க 1796-இல் ஒரு திட்டமே வெளியிட்டவர். அவரே இதை எழுதினார் என்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

அந்தத் தீர்ப்பைப் பார்க்க வித் உயிரோடு இல்லை.

அவர் எப்படி இறந்தார்?

1806 மே 25, ஞாயிற்றுக்கிழமை. காலை உணவுக்குப் பிறகு வித், மைக்கேல், லிடியா மூவரும் கடும் வயிற்று வலியில் விழுந்தார்கள். அதே வீட்டில் வித்தின் தங்கை வழிப் பேரன் ஜார்ஜ் வித் ஸ்வீனியும் இருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதின்ம வயதைத் தாண்டாத பையன், சூதாட்டக் கடன்காரன். பெரியவர் கையெழுத்தைப் போட்டு வங்கியில் காசோலைகளை மாற்றியிருந்தது இரண்டொரு நாளில் வெளிப்பட்டது.

உயிலில் சொத்தின் பெரும்பகுதி ஸ்வீனிக்கு. லிடியாவுக்கு வீடு. மைக்கேலுக்கு வங்கிப் பங்குகள். அவன் படிப்பை அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஜெஃபர்சன் கவனிக்கவேண்டும் என்ற கோரிக்கை. மைக்கேல் முன்பே இறந்துவிட்டால் அவன் பங்கும் ஸ்வீனிக்கே போகும்.

ஜூன் 1 அன்று மைக்கேல் இறந்தான். அன்றே வித் படுக்கையில் இருந்தபடி உயிலைத் திருத்தி, ஸ்வீனியின் பெயரை நீக்கினார். தன்னைக் கொன்றுவிட்டார்கள் என்று அவர் சொன்னதைச் சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். ஜூன் 8 அன்று உயிர் பிரிந்தது. ரிச்மண்டின் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஸ்வீனிக்கு என்ன தண்டனை கிடைத்தது?

எதுவும் இல்லை.

செப்டம்பரில் வழக்கு நடந்தது. அவனுக்காக வாதாடியவர்கள் எட்மண்ட் ராண்டால்ஃப், வில்லியம் வர்ட். ஒருவர் அமெரிக்காவின் முதல் அட்டர்னி ஜெனரல், மற்றவர் பிற்காலத்தில் அதே பதவிக்கு வந்தவர். உடலைத் திறந்து பார்த்த மருத்துவர்களால் ஆர்சனிக் என்ற நஞ்சுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பித்தத்தாலும் இப்படி ஆகலாம் என்றார்கள். ஆர்சனிக்கை உடலில் நம்பகமாகக் கண்டறியும் சோதனை வர இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

லிடியா சொன்னது வேறு. அன்று காலை ஸ்வீனி அடுப்பங்கரைக்கு வந்து காப்பிப் பாத்திரத்தைக் கையாண்டதையும், ஒரு வெள்ளைத் தாளை நெருப்பில் போட்டதையும் தான் பார்த்ததாகச் சொன்னார். ஜூரி அதைக் கேட்கவில்லை. குற்றம்சாட்டப்பட்டவன் வெள்ளையன், பார்த்தவர் கறுப்பினப் பெண். அந்த 1785 சட்டத்தின்படி அவர் சாட்சி ஆக முடியாது. ஸ்வீனி விடுதலையானான். காசோலை மோசடியில் குற்றவாளி என்று முதலில் சொன்னார்கள். சட்ட வாசகம் அந்தச் செயலுக்குப் பொருந்தவில்லை என்று அதுவும் தள்ளுபடியாயிற்று. அவன் ஊரைவிட்டுப் போனான்.

அந்தச் சட்டத்துக்கு வித்தான் பொறுப்பு என்று சொல்லலாமா?

அவர் ஒருவர் மட்டும் பொறுப்பு என்றால் அது மிகை. மசோதாவை வரைந்தது ஜெஃபர்சன், நிறைவேற்றியது சட்டமன்றம், விதியோ அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தையது. ஆனால் கடைசி வயதில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எல்லா மனிதருக்கும் சுதந்திரம் பிறப்புரிமை என்று தீர்ப்பு எழுதியவர், நடு வயதில் இந்த வரி தன் மேசையைக் கடந்து போனபோது தடுத்ததாகப் பதிவு இல்லை. அவரை நேசிக்கும் எனக்கு இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் லிடியாவுக்குச் செய்யும் துரோகம்.

லிடியா பிராட்நாக்ஸ் என்ன ஆனார்?

பிழைத்துக்கொண்டார், ஆனால் உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கண்பார்வையும் மங்கிவிட்டது. அடுத்த ஆண்டு, 1807-இல், வாழ வழியில்லை என்று ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். ஜெஃபர்சன் ரிச்மண்டில் இருந்த தன் உறவினர் வழியாக 50 டாலர் கொடுக்க ஏற்பாடு செய்தார்.